டி.பி.சி. மீட்டர்: பதினான்கு மாதங்கள் வாணலியில் முக்கிப் பார்த்த பின்

எங்கள் முறுக்குக் கூடத்தில் எண்ணெய் கெட்டுவிட்டதா என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக விடை சொல்லி வந்தது மாஸ்டரின் மூக்குதான். காலையில் அடுப்பு பற்றவைத்து, எண்ணெய் காய்ந்து வரும்போது வாணலியின் மேல் ஒரு நொடி குனிந்து நிமிர்ந்து, "இன்னிக்கு ஓடும்" என்றோ "இறக்கிருங்கம்மா" என்றோ அவர் சொல்வது எங்களுக்குத் தீர்ப்பு. பதினான்கு மாதங்களுக்கு முன், அந்த மூக்குக்குத் துணையாக, பொரித்த எண்ணெயின் தரத்தை அளக்கும் கையடக்க மின்னணுக் கருவி ஒன்றை வாங்கினேன். தொழிலில் இருப்பவர்கள் இதை டி.பி.சி. மீட்டர் என்கிறார்கள். டி.பி.சி. என்பது மொத்த முனைவுச் சேர்மங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்; எண்ணெய் கெடக் கெட அதில் பெருகும் பொருள்கள் அவை. எந்த நிறுவனத்தின் கருவி என்பதை எழுதப் போவதில்லை. சந்தையில் கிடைக்கும் இவ்வகைக் கருவிகள் யாவும் ஒரே அடிப்படையில் இயங்குகின்றன, ஆகவே நான் கண்ட குறை நிறைகளும் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கத் தூண்டியது சட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொரிக்கும் எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மேற்கொண்டு உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் வகுத்த விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிப்பவர்கள் அதற்கான பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது 2019 மார்ச்சில் சேர்ந்தது. சாதாரண நாள்களில் எங்கள் செலவு அந்த அளவை எட்டாது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் எளிதாகத் தாண்டும். மணப்பாறை முறுக்கை இரண்டு முறை பொரிப்பது வழக்கம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அரை வேக்காட்டில் எடுத்து ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் இட்டு முறுக வைப்போம். ஆகவே மற்றப் பலகாரக்காரர்களைவிட எங்கள் எண்ணெய் அதிக நேரம் அடுப்பில் நிற்கிறது.

கருவி பார்ப்பதற்கு நீண்ட கைப்பிடி வைத்த வெப்பமானி போலிருக்கும். முனையில் பீங்கானாலான சிறு தகட்டின் மேல் மெல்லிய உலோகக் கோடுகள் பதிந்திருக்கின்றன, அதுதான் உணரி. காய்ந்த எண்ணெயில் அதை முக்கினால் அரை நிமிடத்துக்குள் எண்ணெயின் சூடும், முனைவுச் சேர்மங்களின் சதவீதமும் திரையில் தெரியும். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறங்களில் திரை ஒளிர்வதால் எண் படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளலாம். உள்ளே நடப்பது மிக எளிய இயற்பியல். புதிய எண்ணெயின் மூலக்கூறுகள் மின்சாரத்தின் பார்வையில் ஏறக்குறைய நடுநிலையானவை. கெடக் கெட அவற்றில் ஆக்சிஜன் ஏறி, ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் சற்றே ஒதுங்கிய மூலக்கூறுகள் பெருகுகின்றன. அப்போது எண்ணெயின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்னேற்றத்தைத் தேக்க உதவும் தன்மையின் அளவு, உயரும். அந்த உயர்வைத்தான் கருவி அளந்து சதவீதமாக மாற்றிச் சொல்கிறது. ஆய்வகத்தில் இதே அளவை எடுக்க எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே இறக்கி, முனைவுள்ளதையும் இல்லாததையும் தனித்தனியே பிரித்து எடை போட வேண்டும்; பாதி நாள் போய்விடும்.

அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை அறியாமல் முதல் வாரத்திலேயே ஒரு வாணலி எண்ணெயைக் கொட்டப் பார்த்தேன். ஒரு ஈடு முறுக்கை அரித்தெடுத்த கையோடு கருவியை முக்கினேன். 26 என்று சிவப்பில் காட்டியது. மாஸ்டர் குனிந்து முகர்ந்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, என்னத்துக்கும்மா கொட்டணும்?" என்றார். அவர் சொன்னதே சரி. மாவிலிருந்து வெளிவரும் நீர் எண்ணெயில் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தது. எண்ணெயின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 3, நீருக்கோ 80. துளி ஈரம் இருந்தாலும் கருவி ஏமாந்துவிடும். பலகாரத்தை எடுத்த பிறகு சலசலப்பு முற்றிலும் அடங்கும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து, பிறகு முனையை வாணலியின் உலோகத்தில் படாமலும் அதற்கு மிக அருகில் போகாமலும் பிடித்து, மெதுவாகக் கலக்கி அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது அதே எண்ணெய் 19.5 காட்டியது. வேலை மும்முரமாக நடக்கும் கூடத்தில் ஐந்து நிமிடம் அடுப்பைச் சும்மா எரியவிடுவது எவ்வளவு கடினம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கருவியைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் இந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காதவர்களாகவே இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்தக் கருவி எங்களுக்குச் செய்த முதல் நன்மை, நிறத்தைப் பார்த்து எண்ணெயை எடைபோடும் பழக்கத்தை உடைத்தது. அதிரசம் சுட்ட வாணலியின் எண்ணெய் இரண்டாம் நாளே கருத்துவிடும். வாங்க வருபவர்கள் எட்டிப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். அளந்தால் 13, 14 என்றுதான் இருந்தது. வெல்லமும் மாவும் உதிர்ந்து கருகியதால் வந்த நிறம் அது. பக்கத்து அடுப்பில், பொன்னிறம் மாறாமல் பளிச்சென்று இருந்த ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் 23ஐத் தொட்டிருந்தது. வாடிக்கையாளர் கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் எண்ணெயே உள்ளே அதிகம் மாறிப் போயிருந்தது.

அதற்குக் காரணம் கொழுப்பு அமிலங்களின் அமைப்பில் இருக்கிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளைக் கொண்டது. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்றது. ஒன்று இருந்தால் ஒலியிக் அமிலம் போன்றது. இரண்டு இருந்தால் லினோலெயிக் அமிலம். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனிலுள்ள ஹைட்ரஜன் மிகத் தளர்வாகப் பிடிக்கப்பட்டிருக்கும். அதை எளிதில் பிடுங்கிவிடலாம். பிடுங்கிய இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து அமரும். அப்படி அமர்ந்தது பக்கத்துச் சங்கிலியிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். வைக்கோற்போரில் தீ தாவுவதைப் போல இது தொடரும். ஒலியிக் அமிலத்தைவிட லினோலெயிக் அமிலம் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஆக்சிஜனேற்றம் அடைவது இதனால்தான். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் ஏறத்தாழ 60 சதவீதம், கடலை எண்ணெயில் 30 சதவீதம் அளவில், பாமாயிலில் 10 சதவீதத்தை ஒட்டி. நல்லெண்ணெயில் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தும் அது அவ்வளவு எளிதில் காறிப்போவதில்லை. எள்ளிலுள்ள செசாமோலின் என்னும் பொருள் சூட்டில் செசாமோலாக மாறி, அந்தச் சங்கிலித் தொடரை இடையில் புகுந்து அறுக்கிறது. ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைத் தேர்ந்தெடுத்த முன்னோர் செசாமோலை அறிந்திருக்க வேண்டியதில்லை. பானையைத் திறந்து முகர்ந்து பார்த்தே தேர்ந்திருப்பார்கள்.

வெவ்வேறு எண்ணெய்களை டின் திறந்தவுடன் சூடாக்கி அளந்து பார்த்தேன். எங்கள் கடலை எண்ணெய் 5.5இல் தொடங்கியது, பாமாயில் 8இல். பாமாயிலில் இயற்கையாகவே, மூன்றுக்குப் பதில் இரண்டு சங்கிலிகளே கொண்ட கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் அது மேலே தொடங்குகிறது, கெட்டதென்று பொருளில்லை. மிகுந்த குழப்பம் தேங்காய் எண்ணெயில்தான் வரும். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றவை. எனவே வாணலியில் ஆக்சிஜனை ஏற்றுக்கொள்வதில் அதுவே மிகவும் மந்தமானது. ஆனால் சங்கிலிகள் குட்டையானவையாதலால் புதிய எண்ணெயே கருவியில் சில புள்ளிகள் உயர்த்திக் காட்டும். தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் வறுவல் போடுபவர்கள் இந்தக் கருவியை வாங்கினால், புது எண்ணெய்க்குத் திரை காட்டும் அளவை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் குற்றமற்ற எண்ணெயைத் தண்டித்துவிடுவார்கள். கருவியோடு வரும் கையேட்டில் இந்த எச்சரிக்கை உண்டு. ஆனால் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

இனி, திரையில் தெரியும் எண் நம் உடலைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி என்னிடம் "இருபத்தைந்தைத் தாண்டினால் விஷம்" என்றார். அந்த வாக்கியத்தை நம்பி வாங்கியிருந்தால் ஏமாந்திருப்பேன். 24இல் அமுதமும் 26இல் நஞ்சுமாக எண்ணெய் மாறிவிடுவதில்லை. ஜெர்மனியில் இந்த எல்லை 24, ஐரோப்பாவின் வேறு பல நாடுகளில் 25, ஆஸ்திரியாவில் 27. எண்ணெயின் சுவையும் மணமும் பொறுக்க முடியாதவாறு போகும் கட்டத்தை ஒட்டி வகுத்த நிருவாக எல்லைகள் இவை.

இன்னும் நுட்பமான சிக்கல் அந்தச் சதவீதத்தின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. வாணலியில் மூன்று வேலைகள் ஒருங்கே நடக்கின்றன: மாவின் ஈரம் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனியே விடுவிக்கிறது; காற்று ஆக்சிஜனேற்றுகிறது; சூடு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பலபடிகளாக்குகிறது. பழைய எண்ணெய் பிசுபிசுத்துக் கெட்டியாவதும், வாணலி விளிம்பில் அரக்குப் போலப் படிவதும், அடங்காமல் நுரை கட்டுவதும் இந்தப் பலபடிகளால்தான். நன்றாக உழைத்த எண்ணெயில் கருவி காட்டும் எண்ணின் பெரும்பகுதி இவைதான். ஆனால் பலபடிகள் உருவத்தில் பெரியவை; குடலிலுள்ள நொதிகளால் அவற்றை எளிதில் வெட்ட முடியாது; பெரும்பாலும் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். உடலுக்குள் போய்ச் சேருவது எண்ணிக்கையில் குறைந்த, உருவத்தில் சிறிய, ஆக்சிஜன் ஏறிய தனிச் சங்கிலிகள். ஆக, கருவி உரக்கச் சொல்லும் பொருள் உடலில் அதிகம் தங்குவதில்லை, உடலில் தங்குவதைக் கருவி தனியே பிரித்துச் சொல்வதில்லை. இரண்டும் சேர்ந்தே வளர்வதால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்கலாம். அந்த அளவுக்குத்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு.

அப்படி உள்ளே போகும் ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு அமிலங்களின் கதை சுவையானது. குடலில் உறிஞ்சப்பட்ட கொழுப்பு, கைலோமைக்ரான் என்னும் நுண்துகள்களில் ஏறி இரத்தத்துக்கு வருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் இலோனா ஸ்டாப்ரான்ஸும் உடன் பணியாற்றியவர்களும் சூடாக்கிய சோள எண்ணெயைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, உணவில் ஏறியிருந்த ஆக்சிஜன் இந்தத் துகள்களிலும் அதே விகிதத்தில் ஏறியிருப்பதை 1994இல் காட்டினார்கள். வாணலியில் நடந்த மாற்றம் இரத்தம்வரை பயணம் செய்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1989இல், டேனியல் ஸ்டைன்பெர்க், சம்பத் பார்த்தசாரதி முதலியோர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகள் ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகே தமனிச் சுவரில் கூடுதல் தீங்கு விளைவிக்கிறது என்ற கருத்தை நிலைநிறுத்தியிருந்தது. தமனிச் சுவரிலுள்ள விழுங்கணுக்கள் இயல்பான எல்.டி.எல்.லை அளவோடுதான் எடுத்துக்கொள்கின்றன. ஆக்சிஜனேறியதை மட்டும் வயிறு முட்ட விழுங்கி, நுரை நிறைந்த அணுக்களாக அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆனால் எல்.டி.எல்.லின் ஆக்சிஜனேற்றம் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே நடப்பது. நாம் தின்ற முறுக்குக்கும் அதற்கும் எவ்வளவு பங்கு என்பதை ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

ஆக்சிஜனேற்றத்தில் முதலில் உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடு என்னும் பொருள் பொரிக்கும் சூட்டில் நிலைத்து நிற்பதில்லை. உடைந்து ஆல்டிஹைடுகள் என்னும் சிறு மூலக்கூறுகளாகச் சிதறுகிறது. எண்ணெய் ஆய்வகங்கள் சொல்லும் பெராக்சைடு எண் பொரித்த எண்ணெய்க்கு உதவாமல் போவது இதனால்தான். நன்றாகக் கெட்ட எண்ணெயிலும் அது குறைவாகவே இருக்கலாம். சிதறிய ஆல்டிஹைடுகளில் டெக்காடையீனல் என்பது பொரித்த பலகாரத்துக்குரிய அந்த மணத்தையே கொடுப்பது. அது இல்லாவிட்டால் முறுக்கு முறுக்காக மணக்காது. ஒன்பது கார்பன் கொண்ட ஹைட்ராக்சிநோனீனல் வேறு சாதி. லினோலெயிக் வகை அமிலங்களிலிருந்து பிறக்கும் இது புரதங்களிலுள்ள சிஸ்டீன், ஹிஸ்டிடீன், லைசீன் ஆகிய அமினோ அமிலங்களில் பசைபோல் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஹெர்மான் எஸ்டர்பவர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். நம் அணுக்கள் இதன்முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. குளூட்டாத்தயோன் என்னும் பாதுகாப்புப் பொருளுடன் பிணைத்தோ, அமிலமாக மாற்றியோ வெளியேற்ற நொதிகள் இருக்கின்றன. சிறிய அளவு வந்தால் சமாளிக்கும். நாள்தோறும் வந்தால் அந்த நொதிகளின் வேலைச்சுமை கூடும்.

ஆக்சிஜனேறிய கொழுப்பு அமிலம் என்றாலே நஞ்சு என்று முடிவு கட்டுவதும் தவறு. நம் உடலே அராகிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தில் திட்டமிட்டு ஆக்சிஜனை ஏற்றிப் புராஸ்டாகிளாண்டின் என்னும் சமிக்ஞைப் பொருள்களைச் செய்துகொள்கிறது. காய்ச்சல், வீக்கம், மகப்பேற்று வலி எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஆஸ்பிரின் அவற்றை உண்டாக்கும் நொதியைத் தடுத்தே வலியைக் குறைக்கிறது என்று ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். 1982இல் அவருக்கும் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடல் செய்வது அச்சில் வார்த்தது போல, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட வடிவில், வேண்டிய அளவில் வரும். வாணலியில் வருவது நூற்றுக்கணக்கான வடிவங்கள் கலந்த குப்பை. அந்தக் குப்பையிலும் சில, உடலின் சொந்தச் சமிக்ஞைகளை ஒத்திருந்து, அணுக்களுக்குள் கொழுப்பு வளர்சிதை மாற்றத்தை இயக்கும் ஏற்பிகளைத் தொட்டுவிடுகின்றன. எலிகளுக்குப் பொரித்த எண்ணெயைக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரலில் அத்தகைய ஏற்பி தூண்டப்பட்டதும், உடலிலுள்ள வைட்டமின் ஈ குறைந்ததும் பல ஆய்வுகளில் தெரிந்தன. ஆனால் எலிக்குக் கொடுக்கும் அளவில் எந்த மனிதரும் பொரித்த எண்ணெய் குடிப்பதில்லை என்பதை மறந்து அச்சுறுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மனிதர்களைப் பற்றிய சான்றுகள் எண்ணிக்கையில் குறைவு. இருப்பவை யோசிக்க வைக்கின்றன. நியூசிலாந்தில் 1999இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்றில், உணவகத்தில் பயன்படுத்திய பொரிப்புக் கொழுப்பில் செய்த உணவைப் பத்து ஆண்கள் உண்டார்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, இரத்த ஓட்டத்துக்கேற்ப விரிந்துகொடுக்கும் தன்மையை அவர்களது கைத்தமனி பெருமளவு இழந்திருந்தது. அதே கொழுப்பைப் புதிதாகப் பயன்படுத்திச் செய்த உணவுக்குப் பின் அப்படி நிகழவில்லை. ஸ்பெயினின் மலாகா மாநிலத்தைச் சேர்ந்த பிஸாரா என்னும் ஊரில் வீடுகளின் சமையலறையிலிருந்தே எண்ணெய் மாதிரி எடுத்து அளந்தார்கள். எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் கூடுதலாக இருந்த வீடுகளில் உயர் இரத்த அழுத்தமும் கூடுதலாகக் காணப்பட்டது என்று 2003இல் வெளியான முடிவு கூறுகிறது. இரண்டாவது ஆய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் என் கருவி அளக்கும் அதே அளவை மனிதர்களின் நோயோடு ஒப்பிட்டுப் பார்த்தது என்பதால் அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கருவி அளக்கவே முடியாத ஒன்று புகை. எளிதில் ஆவியாகும் ஆல்டிஹைடுகள் எண்ணெயில் தங்காமல் மேலே போய்விடுகின்றன. கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் அவற்றில் ஒன்று. அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ளது என்னும் 2ஏ பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. முறுக்கைத் தின்பவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். அடுப்படியில் நிற்பவர் எட்டு மணி நேரம் அந்தப் புகையிலேயே நிற்கிறார். எங்கள் கூடத்தில் சுற்றுபவர்களும் பொரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். கருவிக்குக் கொடுத்த பணத்தை முதலில் புகைபோக்கிக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று பின்னால்தான் எனக்கு உறைத்தது. இப்போது இரண்டும் இருக்கின்றன; வரிசைதான் தவறிவிட்டது.

இனிக் கருவியால் எங்கள் வேலைமுறை எப்படி மாறியது என்று சொல்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு இதுவே முக்கியம். நாள்தோறும் மாலையில் மூன்று வாணலிகளுக்கும் கருவி காட்டிய அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். இரண்டு மாதங்களில் ஒன்று தெளிவாயிற்று: மும்முரமான நாள்களைவிட மந்தமான நாள்களில்தான் எண்ணெய் வேகமாகக் கெட்டது. வேலை ஓடும்போது முறுக்கு எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்போம். எண் 14, 15இல் நிலைகொள்ளும். மந்தமான நாளில் காலையில் காய்ச்சி, அணைத்து, மாலையில் மறுபடி காய்ச்சுவோம். ஆறும்போது எண்ணெய் ஆக்சிஜனைக் கூடுதலாகக் கரைத்துக்கொண்டு ஹைட்ரோபெராக்சைடைச் சேர்த்துவைக்கிறது. அடுத்த காய்ச்சலில் அது மொத்தமாக உடைகிறது. இப்போது மந்தமான நாள்களில் ஒரே வாணலியை மட்டும் ஏற்றி, ஒரே மூச்சில் வேலையை முடித்துவிடுகிறோம்.

அடுத்தது பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றுவது. வேலை ஓடும் வாணலியில் அது குற்றமில்லை என்று சொன்னேன். ஆனால் 23ஐத் தொட்ட எண்ணெயில் பாதிக்குப் பாதி புதியது ஊற்றி 15 ஆக்கிக் காட்டுவது வெறும் கணக்கு வித்தை. பழையதிலுள்ள பெராக்சைடுகள் புதியதிலும் அந்த ஆக்சிஜனேற்றத் தொடரைத் தொடங்கி வைக்கின்றன, அது மறுபடி ஏறும் வேகத்தைச் சுவரிலுள்ள எண்களே காட்டின. எங்கள் கூடத்தில் ஒருபோதும் காலியாகாத அட்சய பாத்திரமாக ஒரு வாணலி இருந்தது. அதில் கடைசியாக எப்போது முழுக்கப் புது எண்ணெய் ஊற்றினோம் என்று யாருக்கும் நினைவில்லை. கருவி வந்த முதல் மாதத்தில் அதற்கு ஓய்வு கொடுத்தோம். பித்தளைக் கண்கரண்டியையும் மாற்றினேன். எண்ணெயைக் காறவைப்பதில், பித்தளையிலுள்ள செம்பு இரும்பைவிட வேகமானது. அதன் மிகச் சிறிய சுவடே போதும். இப்போது எவர்சில்வர் கரண்டி. மாஸ்டருக்கு அதில் இன்னும் மனக்குறை. பித்தளைக் கரண்டியின் கனம் கைக்கு வாகாக இருந்ததாம்.

25ஐ எட்டிய எண்ணெயை முன்பு சாலையோர வடைக் கடைக்காரர்கள் வாங்கிப் போவார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஊரில் மட்டும் நடப்பதுமில்லை. ஆணையம் 2018இல் தொடங்கிய, பயன்படுத்திய எண்ணெயை உயிரி டீசலாக மாற்றும் ஏற்பாட்டின்கீழ் இப்போது அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் வந்து எடுத்துப் போகிறார். வடைக் கடைக்காரர் கொடுத்ததைவிடக் குறைந்த விலைதான். நாங்கள் 22இலேயே இறக்கிவிடுகிறோம். கருவியின் துல்லியம் இரண்டு புள்ளி முன்பின்னாகவே இருக்கும் என்று அதன் கையேடே சொல்லும்போது 25 வரை இழுப்பதில் பொருளில்லை.

குறைகளுக்கு வருவோம். முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டிய விலை எங்களைப் போன்றவர்களுக்குக் கனமானது. உணரித் தகடு மெல்லியது; ஒரு தட்டுத் தட்டினால் போயிற்று. அளந்தவுடன் துடைக்காமல் விட்டால் அதில் எண்ணெய் கருகி ஒட்டிக்கொண்டு அடுத்த அளவைப் பொய்யாக்கும்; சுரண்டி எடுக்கவும் கூடாது, சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வரும் குறிப்பு எண்ணெய்ச் சீசா சிறியது, தனியே வாங்கினால் விலை அதிகம், காலாவதி தேதியும் உண்டு. பத்தாம் மாதத்தில் எண்கள் மேலேறத் தொடங்கியதால் சரிபார்ப்புக்கு அனுப்பினேன்; விற்றவர்கள் இரண்டு வாரம் என்றார்கள், திரும்பி வர ஏழு வாரமாயிற்று. அந்த ஏழு வாரமும் மாஸ்டரின் மூக்கே ஆட்சி செய்தது. கருவி திரும்பி வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்ததில் அவர் இறக்கச் சொன்ன எண்ணெய்கள் 21க்கும் 25க்கும் நடுவில்தான் இருந்தன. பாமாயிலில் மட்டும், அதன் மணம் மந்தமானதால், அவர் சற்றுப் பிந்துகிறார்.

நாளொன்றுக்கு இரண்டு டின்னுக்கு மேல் எண்ணெய் ஓட்டும் கூடங்களுக்கும், பல கிளைகள் வைத்திருக்கும் உணவகங்களுக்கும் இதை வாங்கலாம் என்று சொல்வேன். தப்பித்த எண்ணெய், தவிர்த்த தண்டம் என்று இரு வழியிலும் விலை திரும்பும். வீட்டுக்கு வேண்டாம். வாரம் ஒருமுறை அப்பளம் பொரிப்பவர் குறைந்த எண்ணெயில் பொரித்து, மீந்ததை அன்றோ மறுநாளோ தாளிப்புக்குத் தீர்த்துவிட்டால் அளப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது. இடைநிலையில் இருப்பவர்கள் மலிவான சோதனைத் தாள்களைத் தேடுவது எனக்குத் தெரியும். வாங்குமுன் அட்டையைப் படியுங்கள்: அவற்றில் பல, தனியே விடுபட்ட கொழுப்பு அமிலத்தை மட்டுமே காட்டுகின்றன, அதாவது ஈரம் எண்ணெயை எவ்வளவு உடைத்தது என்பதைச் சொல்லும், காற்று எவ்வளவு ஏறியது என்பதைச் சொல்லாது. முனைவுச் சேர்மங்களுக்கான நிறமாற்றச் சோதனை என்று தனியாக விற்கிறார்கள்; நாளுக்கு ஒரு வாணலி என்றால் அதுவே போதும்.